இரும்பு ஆகாத பாறை

எனக்கு இப்போது வயது எழுபத்திரண்டு. பெற்றது பதினொன்று, வளர்த்து ஆளாக்கியது ஏழு. என் பெயரை எழுதுவேன், அதற்கு மேல் எழுத்து எனக்கு ஓடாது. ஆகையால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி செல்லம் எழுதுகிறாள். எழுத வேண்டி வந்த காரணம், போன மாதம் கனடா என்கிற குளிர் நாட்டிலிருந்து எனக்கு ஒரு கடுதாசி வந்தது. போட்டவன் மிலோஷ், மலை ஏறுகிறவன். 'அறுபத்தெட்டு வயது அம்மா ஒருத்தி என்னோடு பாறை ஏறினார் என்று சொன்னால் இங்கே யாரும் நம்பவில்லை, நீங்களே சொல்லி எழுதி அனுப்புங்கள்' என்று கேட்டிருக்கிறான். எங்கள் ஊரிலும் நம்பாதவர்கள் உண்டு. எல்லாருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் ஆவுடையார்கோவிலுக்குக் கிழக்கே. வயலும் கண்மாயும் தவிர வேறு கிடையாது. எங்கள் பக்கத்தில் உயரம் என்றால் கண்மாய்க் கரை, அதை விட்டால் கோயில் கோபுரம். மலையை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

என் நாலாவது மகன் கருப்பையா ரங்கூன் துறையில் சரக்குத் தோணிகளுக்குக் கயிறு பிடிக்கிற வேலை பார்த்தான். பக்கத்து ஊர் மாணிக்கமும் அவனும் ஒரே கப்பலில் போனவர்கள். ரங்கூனில் குண்டு விழுகிறது என்று செய்தி வந்த அன்றைக்கு நான் கண்மாய்க் கரையில் நின்று மேற்கே பார்த்துக் கும்பிட்டேன். கீரனூருக்கு அப்பால், என் நாத்தனார் வாழ்க்கைப்பட்ட ஊரில் விளக்குப் பாறை இருக்கிறது. கடல் தாண்டிப் போனவர்களுக்காக அங்கே கார்த்திகை விளக்கு நேர்ந்துகொள்வார்கள். 'என் மகன் கால் வாசலை மிதித்தால், வருகிற கார்த்திகைக்கு என் கையால் எண்ணெய் ஊற்றி, என் கையால் திரி ஏற்றுகிறேன்' என்று வேண்டிக்கொண்டேன். என் கையால் என்று இரண்டு தடவை சொன்னேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ஆனி மாதம் கருப்பையா வந்து சேர்ந்தான். பர்மாவிலிருந்து காட்டு வழியாக, மலை வழியாக நடந்தே வந்தானாம். 'நடந்து வந்தேன்' என்று மட்டும் சொன்னான், அத்தோடு வாயை மூடிக்கொண்டான். மாணிக்கம் வரவில்லை. மாணிக்கத்தின் ஆத்தா தினமும் பொழுது விடிந்ததும் எங்கள் வாசலில் வந்து நிற்பாள். இவன் தலையைக் குனிந்துகொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் போய்விடுவான். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவாள். ஐந்து மாதம் இப்படி. நேர்த்திக்கடன் பாக்கி நிற்கிறது, அதுதான் பிள்ளையின் நாக்கைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று நான் முடிவு பண்ணினேன்.

கார்த்திகைக்கு நாலு நாள் முன்னதாக அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். வயலில் கதிர் பால் பிடிக்கிற சமயம் என்று என் வீட்டுக்காரர் வரவில்லை. என் மடியில் ஒரு தகர டின், அதில் நானே செக்கில் நின்று ஆட்டி வந்த நல்லெண்ணெய். அப்போது எங்கள் ஊர் வெள்ளைக்காரன் ஆட்சி, புதுக்கோட்டைப் பக்கம் ராஜா ஆட்சி. எல்லை தாண்டினால் சில்லறைக் காசுகூட வேறு, அம்மன் காசு. மிளகு அளவுக்கு இருக்கும், தவறவிட்டால் எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடும். மண்ணும் வேறு. எங்கள் ஊர்க் களிமண் காலைப் பிடித்துக்கொள்ளும், அங்கே செம்மண்ணும் சரளையும் காலைத் தள்ளிவிடுகிறது.

யுத்த காலத்தில் பெட்ரோல் ஏது? பஸ்ஸின் முதுகில் பீப்பாய் மாதிரி ஒரு அடுப்பைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு ஓட்டினார்கள். மேடு வந்தால் பஸ் மூச்சு வாங்கும். அறந்தாங்கி தாண்டி ஒரு மேட்டில் நின்றே போய்விட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். என்னை உட்காரச் சொன்ன கண்டக்டர் டின்னைப் பார்த்தார்.

"ஆத்தா, அந்த எண்ணெயில ஒரு கை எஞ்சினுக்கு ஊத்துனா நேரத்தோட ஊரு போயிரலாம்."

"ஒன் எஞ்சினுக்கு ஊத்தவா நான் செக்கடியில நின்னேன்? தள்ளுப்பா."

நானும் இறங்கினேன். டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் தள்ளினேன். பின்னால் நின்று தள்ளிய கருப்பையாவின் முகமெல்லாம் கரி. எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

புதுக்கோட்டையில் ஒரு காப்பி கிளப்பில் இட்லி சாப்பிட்டோம். கடலைச் சட்னியில் தண்ணீர்தான் அதிகம், கேட்டால் யுத்தமாம். அப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் யுத்தம் என்றுதான் பதில்.

மறுநாள் நாத்தனார் நாச்சம்மா வீட்டில் வரகரிசிச் சோறும் மொச்சைக் குழம்பும். எங்கள் ஊரில் நண்டும் கருவாடும் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் அந்த வரகுச் சோற்றை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன், இதை நாச்சம்மாவிடம் இன்று வரை சொல்லவில்லை. கையைக் கழுவும்போதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அண்ணி, மனசத் தேத்திக்கங்க. இந்த வருசம் வெளக்கு இல்ல. ஐப்பசி மழையில இடி எறங்கி, பாறையில ஒரு பத்தை பேந்து விழுந்துருச்சு. நடுவுல ஒரு இருவது படியக் காணோம்."

போய்ப் பார்த்தேன். மூன்று பனை உயரத்துக்கு ஒற்றைக் கல், சுற்றிலும் புஞ்சைக் காடு. அந்தக் காலத்து ஆட்கள் கால் வைக்க மட்டும் குழி குழியாகச் செதுக்கியிருக்கிறார்கள். கீழே படி இருக்கிறது, மேலேயும் படி இருக்கிறது, நடுவில் ஒரு பனை உயரத்துக்கு வழித்துவிட்டது மாதிரி வெறும் பாறை, அதில் கோணலாக ஒரு விரிசல். ஏணி சாத்திப் பார்த்தவன் காலை ஒடித்துக்கொண்டு கிடக்கிறானாம். ஏணியின் கால் நிற்க அங்கே தட்டை இடம் இல்லை.

விளக்குக்கு முறைக்காரர் ராமன் வேளார். பானை வனைகிற குடும்பம், தலைமுறையாக அவர்கள்தான் பூசை. "கீழயே ஒரு அகல் வச்சுட்டுப் போங்கம்மா, சாமி ஏத்துக்கும்" என்றார்.

"கீழ வைக்கிறேன்னு நான் வேண்டலையே, வேளாரே."

"மேல போக றெக்கை வேணும்."

அப்போது நாச்சம்மா, "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரு வெள்ளைக்காரப் பைத்தியம் வருது, அண்ணி. கண்மாய்க்குப் பின்னாடி உருண்டைக் கல்லுகளைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஏறும், எறங்கும், மறுபடி ஏறும். மேல போயி ஒண்ணும் எடுத்துட்டு வாரதும் இல்ல" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. பார்க்காமல் விடுவேனா?

அவன் ஒரு வழுக்குக் கல்லில், ஈரத் துணியை அப்பிவைத்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தான். நாற்பது வயது இருக்கும். வெயிலில் வெந்து சிவந்த கழுத்து, கயிறு மாதிரிக் கை. கீழே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சவரிமுத்து வாத்தியார். சொந்த ஊர் ஆவூர், கீரனூரில் பள்ளிக்கூட வேலை. மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் சைக்கிளில் வந்துவிடுவாராம். இங்கிலீஷ் பேச அவருக்கு ஒரு ஆள் வேண்டும், கூட வர அவனுக்கு ஒரு ஆள் வேண்டும்.

இறங்கி வந்தவன் என்னைப் பார்த்து முதலில் சொன்ன வார்த்தை, "ஏய், உக்காரு."

வாத்தியார் நாக்கைக் கடித்துக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்கம்மா. திருச்சியில செருப்புப் பட்டறையில மெஷின் பாக்குறாரு. அங்கன ஆளுங்க பேசுற தமிழு. வையிறது மட்டும் சுத்தமா வரும்."

"தம்பி, உக்காருங்கன்னு சொல்லணும்" என்றேன்.

"உக்காருங்க" என்றான், மாணவன் மாதிரி. அதற்குப் பிறகு யாரைப் பார்த்தாலும் ங்க போட ஆரம்பித்துவிட்டான். கூழ்ப் பானையில் வாயை வைக்க வந்த ஆட்டைக்கூட "போங்க, போங்க" என்று விரட்டினான்.

நாச்சம்மா கொடுத்த கம்பங்கூழைப் பச்சை மிளகாய் கடித்துக் குடித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, சட்டியைக் கீழே வைக்கவில்லை. அவன் ஊரில் மாவை உருட்டி வெந்நீரில் வேகவைத்து, உள்ளே பழத்தை வைத்துத் தருவார்களாம். "அட, நம்ம கொழுக்கட்டை" என்றேன். வாத்தியார் அதை இங்கிலீஷில் சொல்ல, "என் அம்மா செய்ததும் கொழுக்கட்டைதான்" என்று ஒத்துக்கொண்டான்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியாது. கேட்டுக்கொண்டே இருந்தேன், வாத்தியார் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பேசிக் கழுத்து வலிக்கிறது என்றார்.

பேர் மிலோஷ். அவன் வெள்ளைக்காரத் துரை இல்லை, செக் தேசத்துக்காரன். அந்தத் தேசத்துக்குக் கடல் கிடையாது. தைக்கிற வேலை செய்த குடும்பம். வீட்டுக்குப் பின்னால் தூண் தூணாக மணற்பாறைகள், ஒவ்வொன்றும் நம் கோபுரம் உயரம். ஏழு வயதில் ஏற ஆரம்பித்தவன். பெரியவனானதும் வேறு தேசங்களுக்குப் போய்ப் பனிமலைகளில் ஏறியிருக்கிறான், பத்திரிகையில் அவன் படம் வந்திருக்கிறது. ஒரு தடவை பனியில் மூன்று நாள் மாட்டிக்கொண்டு இடது காலில் இரண்டு விரல் போய்விட்டது. எல்லா ஏற்றத்திலும் கயிற்றின் மறு முனையைப் பிடித்தவன் அவன் தம்பி பாவெல்.

"சரி, அவ்வளவு ஒசரம் போறியே, மேல என்ன இருக்கு?"

"நோட்டு இருக்கிறது" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர்கள் ஊர்ப் பாறைகளின் உச்சியில் ஒரு பெட்டி வைத்து, அதற்குள் ஒரு நோட்டை வைத்திருப்பார்களாம். ஏறினவன் அதில் தன் பேரையும், கயிறு பிடித்தவன் பேரையும் எழுதிவிட்டு இறங்க வேண்டும். அது அங்கே வழக்கம். "அந்த நோட்டுகளில் எல்லாம் எங்கள் இரண்டு பேர் பேரும் இருக்கிறது" என்றான்.

"அப்புறம் ஏன் ஊரை விட்டு வந்தே?"

வாத்தியார் இதை மெதுவாகக் கேட்டார், அவன் மெதுவாகச் சொன்னான். ஜெர்மன்காரன் வந்து தேசத்தைப் பிடித்துக்கொண்டான். தப்பிக்க வேண்டியவர்களை மலை வழியாக அடுத்த தேசத்துக்குக் கொண்டுபோய் விடுகிற வேலையை அண்ணனும் தம்பியும் செய்தார்கள். யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து போனால் சந்தேகம் வரும் என்று, கயிற்றைப் பாதியாக அறுத்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் முதல் நாள் விடியலில், தம்பி அடுத்த நாள் விடியலில் என்று பேச்சு. இவன் மலைக்கு அந்தப் பக்கம் போய்க் காத்திருந்தான். அப்புறம் கப்பல், பம்பாய், திருச்சி.

"தம்பி?"

அவன் பையிலிருந்து கயிற்றை எடுத்துக் காட்டினான். பாதிக் கயிறு. அறுத்த முனையில் பிரிந்துவிடாமல் நூல் சுற்றியிருந்தது.

கருப்பையா எங்களுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தான். வேலியில் முள்ளை ஒடித்து ஒடித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தான்.

நான் என் நேர்த்தியைச் சொன்னேன். நாச்சம்மா குறுக்கே வந்தாள். "எண்ணெயை அந்தத் தம்பி கையில குடுத்து விடுங்க அண்ணி. அது ஏறி ஊத்திட்டு வந்துரும். சாமிக்குத் தெரியாதா?"

"சாமிக்குத் தெரியும் நாச்சம்மா. அதுதான் வம்பு."

மிலோஷ் என் பாதத்தைப் பார்த்தான், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு, கையை ஊன்றாமல் குந்தி எழுந்திருக்கச் சொன்னான். ஐம்பது வருஷம் நாற்று நட்டவளைப் போய்! பத்துத் தடவை குந்தி எழுந்து காட்டினேன். பதினொன்றாவதும் எழுந்திருப்பேன், அவன்தான் "போதுங்க" என்றான். வாத்தியாரிடம், "இவருக்கு முழங்கால் என்னுடையதைவிட நல்லது" என்று சொன்னதாகக் கேள்வி.

ஆனால் வேளார் சம்மதிக்கவில்லை. விளக்குப் பாறைக்கு இரும்பு ஆகாது, தோலும் ஆகாது. ஒரு கோடாலியை வைத்துக்கொண்டுகூட யாரும் அதில் கால் வைத்ததில்லை. இவன் பைக்குள்ளோ இரும்புக் கொக்கிகள் மணி மாதிரி ஆடுகின்றன. காலில் ஆணி அடித்த பூட்ஸ்.

"இதுனாலதான் ஒன்ன ரெண்டு வருசமா இங்கிட்டு விடலை" என்றார்.

வாத்தியார் சொல்லி முடித்ததும் மிலோஷின் முகம் மலர்ந்துவிட்டது. பைக்குள்ளிருந்த கொக்கிகளை எல்லாம் எடுத்து நாச்சம்மாவின் ஓலைப் பாயில் வைத்தான். பூட்ஸைக் கழற்றினான். "எங்கள் மணற்பாறையிலும் இப்படித்தான். ஆணி அடித்து ஏறினால் பாறை உதிர்ந்துவிடும் என்று எங்கள் பெரியவர்கள் விட மாட்டார்கள். வெறுங்காலோடுதான் ஏறுவோம். விரிசலில் கயிற்று முடிச்சைச் செருகி, அதில்தான் கயிற்றைக் கோப்போம்" என்றான். ஒரு துண்டுக் கயிற்றில் முடிச்சுப் போட்டு, அங்கே கிடந்த இரண்டு கற்களின் சந்தில் செருகி இழுத்துக் காட்டினான். கற்கள் இரண்டும் நகர்ந்து வந்தன, முடிச்சு வரவில்லை.

வேளார் அந்த முடிச்சைப் பார்க்கவில்லை. இரண்டு விரல் இல்லாத அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றார்.

பாறை அடியில் உள்ள சாமி கல்லுக்கு முன்னால் வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனி இலையில் பொட்டலமாகக் கட்டிப் போட்டார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. வேளார் வீட்டுச் சின்னப் பெண் குழந்தை எடுக்க வேண்டும். அது ஒன்றைத் தொட்டது, விட்டது, மற்றதைத் தொட்டது. பனிமலையில் மூன்று நாள் மாட்டிக்கிடந்தவனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. குழந்தை கடைசியில் எடுத்த பொட்டலத்தை வேளார் பிரித்தார். நந்தியாவட்டை, வெள்ளைப் பூ.

கார்த்திகை செவ்வாய்க்கிழமை. மிலோஷ் பட்டறையில் லீவு வாங்கி வந்திருந்தான். பாதிக் கயிறு எட்டாது என்று நாச்சம்மா வீட்டுக் கமலை வடத்தைக் கேட்டோம். இரண்டு மாடு கட்டி, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற கயிறு. "எங்க மாடே அத அறுத்ததில்ல. அண்ணி என்ன, மாட்டை விடவா கனம்?" என்றாள். மிலோஷ் அதை மரத்தில் கட்டித் தொங்கினான், முழம் முழமாகத் தடவிப் பார்த்தான், பிறகு இரண்டையும் சேர்த்து முடிந்தான். ஒரு பக்கம் அவன் தேசத்துக் கயிறு, மறு பக்கம் கமலை வடம்.

எல்லாம் தயார் என்று நான் டின்னைத் தூக்கினேன். வேளார் நகத்தால் அதை ஒரு தட்டுத் தட்டினார். டங் என்றது.

"இது என்னம்மா?"

தகர டின், இரும்பு. ஊரிலிருந்து மடியில் பிள்ளை மாதிரி வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை.

நாச்சம்மா விடுவாளா? "வெள்ளைக்காரன் பையை ரெண்டு நாளாச் சோதிச்சீங்க வேளாரே. எங்க அண்ணி மடியச் சோதிக்காம விட்டுட்டீங்களே!"

எல்லாரும் சிரித்தார்கள். என்ன நடந்தது என்று வாத்தியார் சொன்னதும் மிலோஷ் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தான். வேளார் வீட்டுக்குப் போய்ப் புதுக் கலயம் ஒன்று கொண்டுவந்தார். எண்ணெயை அதில் மாற்றி, வாயைத் துணியால் கட்டி, உறியில் வைத்து என் முதுகில் கட்டிக்கொண்டேன். என் கையால் என்று சொன்னால் என் முதுகோடுதான் போக வேண்டும்.

முதலில் அவன் ஏறும்போது கீழே கயிறு பிடிக்க ஒருத்தர் வேண்டும். பதற்றம் இல்லாத ஆள், கயிறு தெரிந்த ஆள். வாத்தியார் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். யாரும் கேட்காமலே கருப்பையா எழுந்து வந்து, கயிற்றை முதுகுக்குப் பின்னால் சுற்றி, கால்களை அகட்டி, ஒரு கல்லை உதைத்து நின்றான். மிலோஷ் அவன் நின்ற நிற்பைப் பார்த்தான். ஒன்றும் திருத்தவில்லை.

வெறும் பாறையில் அவன் போனதை நான் எப்படிச் சொல்ல? அவசரமே இல்லை. ஒரு விரலை விரிசலில் வைப்பான், யோசிப்பான், எடுத்துவிடுவான், வேறு இடத்தில் வைப்பான். முடிச்சை வாயில் கடித்துக்கொண்டு போய் விரிசலில் செருகுவான். கருப்பையாவின் கையில் கயிறு அளந்து அளந்து போயிற்று, தொய்யவும் இல்லை, இறுகவும் இல்லை. ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரத்தில் அவன் மேலே நின்று கையைக் காட்டினான்.

அடுத்தது நான். கண்டாங்கியை நடவுக்குக் கட்டுகிற மாதிரி வரிந்து கட்டினேன். மார்புக்குக் குறுக்கே துண்டைச் சுற்றி, அதன்மேல் கயிற்றை முடிந்தார்கள். கீழ்ப்படிகளில் சரசரவென்று போய்விட்டேன். வெறும் பாறை வந்தது. மேலேயிருந்து கயிறு இழுத்துப் பிடித்தது. நாலு எட்டு நன்றாகத்தான் போனேன். ஐந்தாவதில் இடது காலுக்கு இடம் இல்லை. துழாவினேன், வழுக்கியது, முதுகில் கலயம் ஆடியது. மேலேயிருந்து மிலோஷுக்கு நான் தெரியவில்லை. "தள்ளுங்க! நில்லுங்க! தூக்குங்க!" என்று தெரிந்த தமிழை எல்லாம் கத்தினான். நான் பாறையோடு அப்படியே ஒட்டிக்கொண்டேன். பயமா என்று கேட்டால், பயம்தான். செல்லம், அதையும் எழுது.

அப்போது கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆத்தா, எடது கால அசைக்காத. அப்படியே ஒரு சாண் மேல கொண்டா. அங்கிட்டு இல்ல, இங்கிட்டு. வெரலை மட்டும் வையி. ஒரு மொளைக்கல்லு இருக்கு பாரு."

கருப்பையா! ஐந்து மாதத்தில் அவன் வாயிலிருந்து இத்தனை வார்த்தை சேர்ந்து வந்ததில்லை.

விரல் கல்லில் பட்டது, கால் நின்றுவிட்டது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கால் நின்ற பிறகும், நிற்காதது மாதிரி அப்படியே இருந்தேன்.

"கெடைக்கலையே அப்பு" என்றேன்.

"கெடைக்கும் ஆத்தா. பயப்படாத, நான் பாத்துக்கிட்டே இருக்கேன். ஒன்ன விட்டுட்டுப் போக மாட்டேன். வலது கைய விரிசலுக்குள்ள விடு... ஆங், அதுதான்..."

பேசட்டும் என்று கேட்டுக்கொண்டே நின்றேன். பிறகுதான் அடுத்த எட்டு எடுத்து வைத்தேன்.

உச்சியில் ஒரு கட்டில் போடுகிற அளவுதான் இடம். நடுவில் கல்லிலேயே குடைந்த விளக்குக் குழி. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கலயத்து எண்ணெய் முழுவதையும் என் கையால் ஊற்றினேன், என் கையால் திரி போட்டேன், என் கையால் ஏற்றினேன். காற்றில் ஒரு தடவை படுத்து எழுந்து நின்றது சுடர். கீழே நாச்சம்மா குலவை போட்டாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூரத்துப் பாறைகளில் ஒன்று ஒன்றாக விளக்கு முளைத்தது. கிழக்கே எங்கள் ஊர்ப் பக்கம் வெறும் மங்கல், அதன் ஓரத்தில் சந்திரன்.

கீழே கூப்பிட்டு, 'முடிந்தது' என்று சொல்ல எட்டிப் பார்த்தால், நான் அவிழ்த்துக் கீழே விட்டிருந்த கயிற்று முனையைத் தானே இடுப்பில் கட்டிக்கொண்டு கருப்பையா ஏறி வந்துகொண்டிருந்தான். மிலோஷ் மேலேயிருந்து கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

மூன்று பேரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். மிலோஷ் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றும் பென்சிலும் எடுத்தான். தன் பேரை அவன் எழுத்தில் எழுதினான். அதற்குக் கீழே இன்னொரு பேர் எழுதினான்.

"இது யாரு?" என்று கருப்பையா கேட்டான்.

"தம்பி. பாவெல்." வாத்தியார் கீழே இருந்தார், இவன் பட்டறைத் தமிழில் தேடித் தேடிச் சொன்னான். "நான் மலை அந்தப் பக்கம். அவன் இந்தப் பக்கம். நான் நாலு நாள் நின்னேங்க. தம்பி வரலைங்க."

கருப்பையா விளக்கையே பார்த்தான். பிறகு சொன்னான், அவனுக்குத்தான் சொன்னான், எனக்கு இல்லை.

"நான் நாலு நாளு நிக்கல. ஒரு நாளுகூட நிக்கல. மாணிக்கத்துக்குக் காலு வீங்கிப்போச்சு. பாதையோரத்துல ஒக்காந்துட்டான். 'நீ போடா, நான் பின்னாலயே வாரேன்'னான். வர மாட்டான்னு எனக்குத் தெரியும். போறேன்னுட்டு வந்துட்டேன். திரும்பிக்கூடப் பாக்கலைங்க."

மிலோஷுக்கு அதில் பாதி புரிந்திருக்குமோ என்னவோ. பென்சிலை அவனிடம் நீட்டினான். கருப்பையா வாங்கி மாணிக்கம் என்று எழுதினான். கீழே தன் பேரை எழுதவில்லை, நான் எழுதச் சொல்லவும் இல்லை.

கடைசியில் நான். மீனாட்சி என்று எழுதுவதற்குள் விளக்கில் பாதி எண்ணெய் போய்விடும் போலிருந்தது. டகர மெய்க்குப் புள்ளி வைத்தேனா என்று இரண்டு தடவை குனிந்து பார்த்தேன். அவர்கள் ஊரில் நோட்டை இரும்புப் பெட்டியில் வைப்பார்களாம், இங்கே அது ஆகாது. கலயத்தைத் துடைத்து, நோட்டைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, கலயத்தைக் கவிழ்த்து மேலே ஒரு கல்லை வைத்தோம்.

இறங்கினது சுலபம், நிலா வெளிச்சத்தில் மூட்டையை இறக்குகிற மாதிரி இறக்கிவிட்டார்கள். வேளார் கார்த்திகைப் பொரி உருண்டையை எல்லாருக்கும் கொடுத்தார். மிலோஷுக்கு இரண்டு.

ஊருக்கு வரும்போதும் பஸ் நின்றது. இந்தத் தடவை கருப்பையா கண்டக்டரோடு சண்டை போட்டான். எனக்கு அதைக் கேட்க எவ்வளவு இஷ்டமாக இருந்தது! எங்கள் ஊர் முக்கில் இறங்கியதும் அவன் வீட்டுக்கு வரவில்லை. நேரே பக்கத்து ஊருக்கு நடந்தான். நான் பின்னாலேயே போனேன். மாணிக்கத்தின் வீட்டுக்குள் அவன் போனான், நான் வேலிக்கு வெளியே நின்றுகொண்டேன். முதலில் அவன் பேச்சுக் குரல். பிறகு அவள் அழுகை. அதற்குப் பிறகு வெகு நேரம் இரண்டு குரலும் மாறி மாறிக் கேட்டன. மறுநாளிலிருந்து அவள் எங்கள் வாசலுக்கு வந்து நிற்கவில்லை. இவன்தான் பொழுது விடிந்ததும் அங்கே போய்த் தண்ணீர் எடுத்து ஊற்றிவிட்டு வருகிறான்.

வேளார் பிறகு இரும்பு உளி கொண்டே புதுப் படி வெட்டிவிட்டார். இரும்பு ஆகாத பாறையில் படி எப்படி வெட்டினீர்கள் என்று கேட்கக் கூடாது, அவருக்குக் கோபம் வரும். பழைய படியையும் யாரோ உளியால்தானே வெட்டியிருக்க வேண்டும்? நான் கேட்கவில்லை.

மிலோஷ், உன் கடுதாசியைச் செல்லம் எனக்கு மூன்று தடவை படித்துக் காட்டினாள். பனி பற்றி எழுதியிருக்கிறாய், மரம் அறுக்கிற வேலை பற்றி எழுதியிருக்கிறாய், அங்கே ஏற மலை நிறைய என்று எழுதியிருக்கிறாய். பாவெலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பேசாமல் இருக்கிற பிள்ளையோடு ஐந்து மாதம் இருந்தவள் நான், அதனால் கேட்கவில்லை. நோட்டு இருக்கிறதா என்று கேட்டாயே, இருக்கிறது. கலயத்தை நாலு வருஷமாக ஒரு குரங்கும் தள்ளவில்லை. ஒவ்வொரு கார்த்திகைக்கும் கருப்பையா மேலே போகிறான், நான் கீழே நிற்கிறேன். கருப்பையாவுக்காக நான் ஒரு திரி போட்ட குழியில் இப்போது மூன்று திரி போடுகிறோம். எது யாருடையது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போதும் செல்லம், கை வலிக்கும். முதலிலிருந்து ஒரு தடவை படி, கேட்கிறேன். நான் பயந்த இடத்தை வேண்டுமானால் மெதுவாகப் படித்துக்கொள். அந்த நோட்டில் எழுதின நாலு பேர் பேர் வருகிற இடத்தை மட்டும் உரக்கப் படி, தாயி.